கண்ணகி இட்ட விலக்கு

வைகாசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகி அம்மன் கோயில்கள் விழித்துக்கொள்ளும். ஆண்டில் ஒருமுறை மட்டுமே கதவு திறக்கும் கோயில்களும் அவற்றுள் உண்டு. செட்டிபாளையத்திலும், சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவிலும், கரையோர ஊர்கள் இன்னும் பலவற்றிலும் இரவிரவாகக் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். ஊரே திரண்டிருந்து கேட்கும். நிறைவு நாளன்று நடப்பது குளிர்த்தி. மதுரையை எரித்த சினத்தோடு வந்த தாயைக் குளிர்ந்த நீராலும் குளிர்த்திப் பாடலாலும் ஆற்றி அமர்த்தும் சடங்கு அது. வெயில் ஏறும் திங்களில், மண் வெடிக்கத் தொடங்கும் வேளையில், தீயைத் தணிக்கும்படி ஒரு நாடே வேண்டி நிற்பதைக் காணும்போது உள்ளம் உருகாதார் இலர்.

அந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதனை நான் மாணவர்க்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். நீதி தவறிய நகரை எரிக்குமாறு கண்ணகி பணித்தபோது, தீக்கடவுள் உடனே பாய்ந்துவிடவில்லை. 'இந்நகரில் பிழைத்தற்கு உரியார் யாவர்?' என்று முதலில் கேட்கிறான். அவளும் அத்துணைத் துயரத்தின் நடுவிலும் விலக்கப்பட வேண்டியோரை எண்ணிச் சொல்கிறாள். அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர் என்று செல்லும் அந்த வரிசையில் முதியவர்களும் பச்சிளங் குழந்தைகளும் இடம்பெறுகிறார்கள்.

தீ மூட்டுமுன் 'யாரை விலக்குவது?' என்ற கேள்வி எழ வேண்டும் என்பது இளங்கோவடிகள் காலத்திலேயே தெரிந்திருந்த அறம். ஆனால், தீக்கு எல்லை வகுக்கலாம். அதன் புகைக்கு எல்லை ஏது? வரம்பு வெட்டி நெருப்பை வயலுக்குள் நிறுத்திவிடுகிறோம். புகையோ வரம்பைக் கடந்து, வேலியைக் கடந்து, வாவியையும் கடந்து, நமக்கு முகமே தெரியாத ஒரு கிழவியின் பாயருகே போய் நிற்கிறது. அந்தப் புகைக்கு விலக்கு இடுவார் யார்? இக்கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது நூலன்று. என் கையால் நான் வைத்த ஒரு நெருப்பு. அதனைச் சொல்லுமுன் எங்கள் நிலத்தையும் காற்றையும் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

இரு கரையும் இரு காற்றும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் மக்கள் நெருங்கி வாழும் பகுதி எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் வெளியும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரை ஒன்று, படும் கரை ஒன்று என எங்கள் முன்னோர் இட்ட பெயர்களின் அழகை வியவாதார் இல்லை.

படுவான்கரையில் ஆண்டுக்கு இருமுறை நெருப்பு எழும். பெரும்போக வேளாண்மை தை, மாசியில் அறுவடையாகும்; சிறுபோகம் ஆடி, ஆவணியில் அறுவடையாகும். இரண்டின் பின்னும் வயலில் கிடக்கும் வைக்கோலுக்குத் தீ வைப்பார்கள். மழைக்கு முந்திய ஆவணி, புரட்டாசியில் சேனைக்காக வெட்டிய காடும் எரியும். காய்ந்த புல்லை எரித்தால் இளந்தளிர் வரும் என்று மாடு மேய்ப்போர் மேய்ச்சல் வெளிக்கு வைக்கும் நெருப்பும், எவரோ எறிந்த சுருட்டுத் துண்டால் பற்றும் நெருப்பும் இவற்றோடு சேரும்.

இந்தப் புகையைச் சுமப்பது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கிழக்கே இறங்குகையில் சூடேறி வருகிறது. அதனையே நாம் கச்சான் என்கிறோம். ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் வீசும் உலர்ந்த வெப்பக் காற்றின் இனத்தைச் சேர்ந்தது அது. கடற்காற்றையும் எதிர்த்துத் தள்ளும் வலிமை அதற்கு உண்டு என்பதும், மட்டக்களப்பில் அது நன்கு உணரப்படுகிறது என்பதும் வானிலை நூல்களிலேயே பதிவான செய்திகள். ஆகவே ஆடி, ஆவணியில் படுவான்கரைப் புகை வாவியைத் தாண்டி எழுவான்கரைக்கு வருகிறது. மாசியிலோ வாடைக்காற்றும் பகற்பொழுதின் கடற்காற்றும் அதனை உள்நாட்டு ஊர்களின் பக்கம் தள்ளுகின்றன. புகைக்கு இந்தக் கரை, அந்தக் கரை என்ற பேதமில்லை. முறை வைத்து இரண்டுக்கும் போகிறது.

இன்னொன்றும் உண்டு. பகலில் வெயில் ஏற ஏறத் தரையோரக் காற்று சூடாகி மேலெழும். புகையும் அதனோடு உயர்ந்து கலைந்துவிடும். பொழுது சாய்ந்ததும் தரை குளிர்கிறது. குளிர்ந்த காற்றுப் படலம் தரையோடு ஒட்டிக்கொள்ள, மேலே சூடான காற்று மூடிபோல் கவிந்துவிடுகிறது. அந்நேரம் எழும் புகை மேலே போக வழியின்றி, நிலவொளியில் பால் கொட்டியதுபோல வாவியின் மீதும் குடிசைகளின் மீதும் படிந்து கிடக்கும். பார்ப்பதற்கு எழிலான காட்சிதான். அதற்குள் படுத்திருப்பவருக்கு அது எழில் அன்று.

ஓர் ஆவணி இரவு

1976-ஆம் ஆண்டு. எனக்கு இருபத்தொரு வயது. படுவான்கரையில் எங்கள் வீடும் பெரியம்மாவின் வீடும் ஒரே வளவில் இருந்தன. வளவுக்கு அப்பால் களவெட்டி. சிறுபோகச் சூடு மிதித்து நெல் ஏற்றியாயிற்று. வைக்கோல் மலைபோல் குவிந்து கிடந்தது. அடுத்த போகத்துக்கு இடத்தைத் துப்புரவாக்கும்படி தகப்பனார் சொல்லியிருந்தார். பகலெல்லாம் கச்சான் வீசியதால் தீ வைக்க அஞ்சி, காற்று அடங்கிய மாலைப் பொழுதில் நெருப்பு வைத்தேன். தீ பரவாமல் சுற்றிவரப் புல்லைச் செருக்கி, வாளிகளில் தண்ணீரும் வைத்துக்கொண்டேன். என் கவனத்தை நானே மெச்சிக்கொண்டு நின்றது இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது.

மேல் வைக்கோல் சடசடவென்று எரிந்து முடிந்தது. அடி வைக்கோலில் ஈரம் இருந்தது. அது எரியாமல் இரவு முழுவதும் கனன்று, கனத்த வெண்புகையைக் கக்கியது. பெரியம்மாவுக்குத் தொய்வு வருத்தம். நடுச்சாமத்தில் அவருடைய மகன் வந்து எங்களை எழுப்பினான். பெரியம்மா திண்ணையில் இரு கைகளையும் தொடைமேல் ஊன்றிக் குனிந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சுக்குள் சீழ்க்கை ஒலி கேட்டது. ஒரு சொல்லை முழுதாகச் சொல்ல அவரால் இயலவில்லை.

அந்நாளில் மண்முனையில் பாலம் இல்லை. அது திறக்கப்பட்டது 2014-இல்தான். வாவியைக் கடக்கத் துறையில் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவை ஒன்றுதான் உண்டு. அதுவும் இரவில் ஓடாது. மாட்டு வண்டிலில் பெரியம்மாவை இருத்தித் துறைக்குக் கொண்டுபோய் விடியும்வரை காத்திருந்தோம். புகை துறைவரை வந்திருந்தது. வாவியின் அக்கரை தெரியவில்லை. வண்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சையும் எண்ணியபடி நின்ற அந்த இரவைப்போல் நீண்ட இரவை அதன் பின் நான் கண்டதில்லை.

பெரியம்மா பிழைத்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரின் காலடியில் இருந்து அழுதேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

“நெருப்பு வெச்சது ஆரெண்டு நான் கேக்கல்ல, மனே. வெக்கப்போறன் எண்டு முதல்நாள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் மகள்ட ஊட்ட போய்க் கிடந்திருப்பனே.”

அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு சொல். தண்ணீர் வாளி வைக்கத் தெரிந்த எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லத் தெரியாமற் போயிற்று. நெருப்பு எங்கே போகும் என்பதை நினைத்தேன். புகை யாரிடம் போகும் என்பதை நினைக்கவில்லை.

பின்னர் ஆசிரியனானேன். மாசியிலும் ஆவணியிலும் வரவு இடாப்பைப் புரட்டும்போதெல்லாம் அந்த இரவு மீண்டும் வரும். வயல்வெளியில் புகை எழுந்த மறுநாட்களில் சில பெயர்களுக்கு எதிரே தவறாமல் வெற்றிடம் விழும். மூன்றாம் நாள் வரும் பிள்ளையிடம் காரணம் கேட்டால், “இரவு முட்டு, சேர்” என்று தலைகுனிந்து சொல்லும். தான் ஏதோ பிழை செய்துவிட்டதைப்போல.

நுண்துகளின் வேலை

கண்ணுக்குத் தெரியும் சாம்பலை மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் தடுத்துவிடும். கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த பருமனுடைய இத்துகள் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று படிந்து, அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலந்துவிடுகின்றன. அதனால்தான் புகை மூச்சுக்குழலை இறுக்குவதோடு நிற்பதில்லை. இருதய வருத்தமும் பாரிசவாதமும் உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகிறது. ஈரமான பொருள் கனலும்போது எழும் புகையில் இத்துகள் மிகுதி. நான் அன்று மூட்டியது அத்தகைய நெருப்பே.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஒரு கன மீற்றர் காற்றில் இந்நுண்துகளின் அளவு 24 மணிநேரச் சராசரியாக 15 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது. இலங்கை 2008-இல் வகுத்த சட்ட அளவு 50. இலக்கங்கள் இருக்கின்றன, ஆனால் மூச்சு எல்லாருக்கும் ஒரே அளவினது அன்று. வளர்ந்த மனிதன் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறான். பிறந்த குழந்தையோ 30 முதல் 60 முறை விடுகிறது. உடல் நிறையோடு ஒப்பிட்டால் குழந்தை உள்ளிழுக்கும் காற்று நம்மைவிட மிக அதிகம். அதன் நுரையீரலின் காற்றறைகளிற் பெரும்பாலானவை பிறந்த பின்புதான் உருவாகின்றன. கட்டி முடியாத வீட்டினுள் புகை புகுவதற்கு ஒப்பானது அது. கருவுற்ற தாய் புகையைச் சுவாசித்தால் குழந்தை குறைமாதத்திலோ நிறை குறைந்தோ பிறக்கும் அபாயம் கூடுகிறது. முதியவர்க்கு இருதயமும் நுரையீரலும் ஏற்கெனவே தளர்ந்திருக்கின்றன. கண்ணகி எண்ணிச் சொன்ன முதியவரும் குழந்தையும் இன்றைய மருத்துவரின் பட்டியலிலும் முன்னிற்பது எவ்வளவு பொருத்தம்!

பட்டியலில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும்: ஏழை. கிடுகு வேய்ந்த வீட்டுக்குக் கதவைச் சாத்தினாலும் புகை வரும். அந்த வீட்டின் அடுப்பிலும் விறகுதான். வீட்டு அடுப்புப் புகையால் உலகில் ஆண்டுக்கு 32 இலட்சம் பேர் அகால மரணம் அடைகிறார்கள் என்பது 2020-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எரிவாயு கிடைக்காமல் 2022-இல் பலரும் மீண்டும் விறகுக்குத் திரும்பியதை நாம் கண்டோம். உள்ளே ஒரு புகையில் நாள் முழுவதும் நிற்கும் தாய்க்கு வெளியே இன்னொரு புகையும் வந்தால் அவள் எங்கே போவாள்?

தொலைவிற் பிறந்த புகை

புகைக்கு எல்லை இல்லை என்பதை அண்மைக் காலம் நாட்டுக்கே உணர்த்தியது. 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டூஸ் புயல் உருவான நாட்களில், இந்தியப் பெருநிலப் பக்கமிருந்து மாசுற்ற காற்று இலங்கையின்மேல் வந்து படிந்தது. டிசம்பர் 9-ஆந் தேதி அரசாங்கப் பாடசாலைகளை நாடெங்கும் மூட நேர்ந்தது. நம் பிள்ளைகள் அன்று வீட்டிலிருந்ததற்குக் காரணமான புகை, நம்மில் எவரும் மூட்டாத புகை.

தென்கிழக்காசியத் தமிழர் இதனை நம்மைவிட நன்கு அறிவர். சுமாத்திராவிலும் போர்ணியோவிலும் எரிந்த காட்டின், கரிநிலத்தின் புகை 1997-இல் மலேசியாவைச் சூழ்ந்தபோது, சரவாக்கில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. 2015-இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாடசாலைகள் மூடப்பட்டன. எல்லை தாண்டும் புகையைத் தடுக்கத் தென்கிழக்காசிய நாடுகள் 2002-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன; பெரும்பகுதி புகைக்கு ஊற்றான இந்தோனேசியா அதனை ஏற்று உறுதிப்படுத்தியது 2014-இல். பன்னிரண்டு ஆண்டு! 2023 ஜூனில் கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயோர்க் வானையே செம்மஞ்சளாக்கிற்று.

இவை பெருந்தீயின் கதைகள். மின்னலால் மூண்ட தீயோ காட்டின் நடுவே தானே பரவும் தீயோ நாள் சொல்லி வருவதில்லை. ஆனால் நாம் மூட்டும் தீ அத்தகையதன்று. அதற்கு நாள் உண்டு, நேரம் உண்டு, தீக்குச்சியைக் கையிலெடுத்த ஒரு மனிதன் உண்டு. ஆகவே முன்கூட்டியே சொல்லவும் முடியும். புகையிலிருந்து எளியவரைக் காக்கும் வழிகளில் மிக மலிவானது இந்த ஒரு சொல்தான் என்பதே என் கட்சி.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே சாக்ரமெந்தோ ஆற்றுப் பள்ளத்தாக்கு பெரும் நெல்வெளி. அங்கும் அறுவடையின் பின் வைக்கோலை எரிப்பது வழக்கமாயிருந்தது. ஊர்களில் புகை மூடியது. காற்றின் போக்கைப் பார்த்து, 'இன்று எரிக்கலாம்', 'இன்று எரிக்கலாகாது' என நாள்தோறும் அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1991-இல் இயற்றிய சட்டத்தால் எரிப்பதையே படிப்படியாகக் குறைத்தார்கள். எரிக்காத வைக்கோலை மக்கச்செய்ய வயல்களில் மாரி காலத்தில் நீர் தேக்கினார்கள். அந்நீரைத் தேடி நீர்ப்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கின. வாவிக்கரைப் பறவைகளோடு வளர்ந்த நமக்கு இச்செய்தி இனிக்காமற் போகுமா?

வேளாண்மை செய்வோரைக் குறைசொல்லுமுன்

புகை வருகிறது என்று சொல்லி வேளாண்மை செய்வோரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது எளிது. அவர்கள் ஏன் எரிக்கிறார்கள் என்பதைக் கேட்க வேண்டாமா? முன்பு கதிரறுத்துச் சூடு வைத்து மிதித்த காலத்தில் வைக்கோல் களவெட்டியில் ஓரிடத்திற் குவிந்தது. இன்று அறுவடை இயந்திரம் போகும் வழியெல்லாம் வைக்கோலை வயலிலேயே நீள நீளமாக விட்டுச் செல்கிறது. அதனை அள்ளக் கூலி வேண்டும். கட்டும் இயந்திரம் வேண்டும். அடுத்த உழவுக்கோ காலம் இல்லை. ஒரு தீக்குச்சி இவை எல்லாவற்றையும்விட மலிவாகத் தோன்றுகிறது.

தோற்றம் அது. கணக்கோ வேறு. ஒரு தொன் நெல் விளையும் வயலில் ஏறத்தாழ ஒரு தொன் வைக்கோலும் விளைகிறது. அந்த வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியமும் உள்ளன. எரித்தால் நைதரசன் அநேகமாக முழுவதும் காற்றோடு போய்விடும். 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் அத்தடையைத் தளர்த்தும்வரை, ஒரு மூடை உரத்துக்கு நாம் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? மேய்ச்சல் தரை வேண்டுமென மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் நாடறிந்தது. ஒரு பக்கம் மாடு தீனிக்கு அலைகிறது. மறு பக்கம் தீனி எரிகிறது. வைக்கோலைக் கட்டும் இயந்திரத்தை விவசாய அமைப்புகள் பொதுவில் வாங்கிப் பயன்படுத்த அரசாங்கம் கைகொடுத்தால் பாதி நெருப்பு தானே அணைந்துவிடும்.

ஆயினும் அது வரும்வரை நெருப்பு எழத்தான் செய்யும். நோய் கண்ட வைக்கோலையும் சேனைக் காட்டையும் எரிப்பவர் எரிக்கத்தான் செய்வர். அந்த இடைக்காலத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும்.

நாள் குறித்த நெருப்பு

அந்த ஒழுங்கு நமக்குப் புதியதன்று. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பதினெட்டு நாள் விழாவின் முடிவில் மூட்டும் அந்நெருப்புக்கு நாள் உண்டு, நேரம் உண்டு, எல்லை உண்டு, காவல் உண்டு, ஊரறிய மூட்டும் நெருப்பு அது. தெய்வத்தின் முன் மூட்டும் தீக்கு நாம் காட்டும் கண்ணியத்தை வயலில் மூட்டும் தீக்கும் காட்டினால் போதும்.

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. அதிகாரிகளும் வட்டை விதானைமாரும் வேளாண்மை செய்வோரும் ஒன்றிருந்து, குளத்து நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள் எல்லாம் தீர்மானிக்கிறார்கள். அதே கூட்டத்தில் அறுவடையின் பின் எந்தக் கண்டத்தில் எந்த நாட்களில் எரிப்பது என்றும் தீர்மானித்தால் என்ன? ஒரே இரவில் எல்லாக் கண்டங்களும் எரியாமல் முறை வைக்கலாம். மாலையில் மூட்டுவதை விலக்கி, பனி உலர்ந்த முற்பகலில், காற்று மூர்க்கமாக வீசாத நாள் பார்த்து, நன்கு காய்ந்த வைக்கோலை மட்டும் எரித்து, பொழுது சாயுமுன் கனல் இல்லாமல் அவித்துவிடலாம். காற்றுக்கு எதிர்முகமாக நகரும் தீ மெதுவாக எரியும், புகையும் குறையும்.

அடுத்து, அந்தச் சொல். தொய்வுள்ள பிள்ளை எந்த வீட்டில், கருவுற்ற பெண் எந்த வீட்டில், படுக்கையிற் கிடக்கும் முதியவர் எந்த வீட்டில் என்பது ஊரின் மருத்துவமாதுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தெரியும். இரண்டு நாள் முன்னதாக அவ்வீடுகளுக்குச் செய்தி போகட்டும். கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் அதனை ஊருக்குச் சொல்லட்டும். வாவியின் இக்கரையில் மூட்டும் தீயை அக்கரையில் ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் உள்ளோர் அறிந்திருக்க வேண்டும். பாடசாலைக்கும் சொல்ல வேண்டும். அன்று விளையாட்டுப் பயிற்சியை நிறுத்தி வைக்க அதிபரால் முடியும்.

செய்தி கிடைத்தவர் செய்யக்கூடியவை பல. புகை போகாத பக்கத்து உறவினர் வீட்டுக்கு முதியவரையும் பிள்ளையையும் அனுப்பிவிடுவது எல்லாவற்றிலும் நன்று. அதற்கு வழியில்லையானால், வீட்டில் ஓர் அறையைத் தெரிந்து, புகை வரும் பக்கத்துக் கதவு சன்னல்களைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துணியைச் செருகலாம். அந்த அறையில் விறகடுப்போ ஊதுபத்தியோ சாம்பிராணியோ நுளம்புச் சுருளோ எரியலாகாது. ஆவணி வெக்கையில் மூடிய அறையும் முதியவர்க்கு ஆபத்தே. அறை மிகச் சூடானால் வேறிடம் போவதே மேல். புகை கலைந்ததும் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். ஈரத் துவாலையை மூக்கில் கட்டினால் போதும் என்று நம்புவோர் உண்டு. அது சாம்பலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. 'என்-95' என்னும் வகை முகக்கவசத்தை முகத்தோடு இறுகப் பொருந்த அணிந்தாற்றான் பயன்.

தொய்வுள்ளவர் மருத்துவர் தந்த இன்ஹேலரைக் கைக்கெட்டிய இடத்தில் வைத்திருக்க வேண்டும். அது தீருமுன் புதிதொன்று வாங்கிவிட வேண்டும். நாள்தோறும் எடுக்கும்படி சொன்ன தடுப்பு மருந்தை, 'இப்போது சுகமாகத்தானே இருக்கிறது' என்று நிறுத்துவது பெரும் பிழை. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தையின் விலா மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுபட்டாலோ விடியும்வரை காத்திருக்கலாகாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். இன்று மண்முனைக்குப் பாலமும் உண்டு. என் பெரியம்மாவுக்கு இவை இரண்டும் இருக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இடாப்பில் மாசியிலும் ஆவணியிலும் விழும் வெற்றிடங்களைக் குறித்து வையுங்கள். எந்த நாளில் எந்தத் திசையிற் புகை எழுந்தது என்பதை அதனருகே மாணவர்களைக் கொண்டே எழுதுவியுங்கள். இரண்டு போகம் கழிந்ததும் அந்த ஏட்டை ஆரம்பக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைக்கலாம். ஊர்ப் பிள்ளைகளின் பெயரை வாசித்துக் கேட்ட பின்னும் மாலையில் நெருப்பு வைக்க எங்கள் மக்களுக்கு மனம் வராது. அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அன்று நான் இருந்ததுபோல, நினையாதவர்கள்.

பெரியம்மா அதன் பின் பதினொரு ஆண்டு இருந்தார். ஒவ்வொரு போகத்திலும் எரிக்குமுன் அவர் வீட்டு வாசலுக்குப் போய், “பெரியம்மா, நாளைக்கு நெருப்பு” என்று சொல்வேன். அவர் பன்பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாட்காலை மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். அந்தப் பதினொரு ஆண்டிலும் மாட்டு வண்டிலை இரவிற் பூட்டும் தேவை எங்களுக்கு வரவில்லை.